ஓவன் கதவு மூடவில்லையா? கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு ரிப்பேர் கடை

கிருஷ்ணகிரியில் மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி ரிப்பேருக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஓவன் என்றால்தான் கஷ்டம். அதிலும் சூடு ஏறுகிறது, விளக்கு எரிகிறது, கதவு மட்டும் சரியாக மூடவில்லை என்று போய் நின்றால், "இதெல்லாம் ஒரு பிரச்னையா, கையால அழுத்தி விடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். பழையபேட்டை பாய் கடையில் அப்படிச் சொல்லவில்லை. கதவு ஏன் மூடவில்லை என்று முதலில் கண்டுபிடித்தார். அதை மட்டும் சரிசெய்தார். அதற்கு மட்டும் காசு வாங்கினார். வீட்டில் கேக், பிஸ்கட் போட்டு விற்பவர்கள் நம் மாவட்டத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பழையபேட்டை கடைத்தெருவில் நுழைந்து, மிக்சி ரிப்பேர் பாய் கடை எங்கே என்று கேட்டால் கைகாட்டுவார்கள். இரண்டு பக்கமும் கையை நீட்டினால் சுவரைத் தொட்டுவிடலாம், அவ்வளவுதான் அகலம். ஒரு மேசை, மேலே குழல்விளக்கு, சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கூட ஒரு பையன் வேலை கற்றுக்கொள்கிறான். பெயரையும் போன் நம்பரையும் எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போட்டால் நாள் முழுக்கப் போன் வரும், மேசையில் இருக்கும் வேலை நின்றுவிடும் என்றார். அவர் சொன்னபடியே இங்கே இரண்டையும் விட்டுவிட்டேன்.

என்னுடையது 60 லிட்டர் ஓடிஜி, அதாவது மேடை மேல் வைக்கும் மின்சார ஓவன், 2000 வாட். கேழ்வரகு பிஸ்கட், சாமை குக்கீஸ்தான் வருடம் முழுக்க ஓடும். மாம்பழ சீசனில் மாம்பழக் கேக், டிசம்பரில் பிளம் கேக். பாக்கெட்டுகள் பர்கூர், காவேரிப்பட்டணம் வரை போகின்றன. இந்த ஒரு பெட்டியை நம்பித்தான் என் தொழில்.

கதவின் மேல் ஓரத்தில் இடைவெளி விழ ஆரம்பித்தது. இடது மூலையில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவு இருக்கும், வலது மூலையில் அரை நூல்கூட இருக்காது. பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். தட்டில்தான் அதன் வேலை தெரிந்தது. பின்வரிசை பிஸ்கட் கருகும்போது முன்வரிசை வெளுத்துக் கிடந்தது. கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவு மாதிரி தானாகப் பிடித்துக்கொண்டு நிற்காது. ஓவனுக்குள் போனதும் சூடு சரியாகத் தாக்கினால் ஓரம் இறுகி வடிவம் நின்றுவிடும். சூடு குறைந்தால் மாவு இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் உருகி ஓடிவிடும், பிஸ்கட் அடை மாதிரி பரந்துவிடும். கேக் உப்பி வந்து, நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிடும். பேக்கிங் பவுடர் பழசு, முட்டை சின்னது என்று அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கதவை யாரும் சந்தேகப்படுவதில்லை.

உள்ளே வைக்கும் சின்ன டயல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தேன். குமிழ் 180 டிகிரியில் இருக்கிறது, முன்பக்கம் வைத்த தெர்மாமீட்டர் 150ஐத் தாண்டவே இல்லை. சாதாரணமாக, வைத்த சூடு வந்ததும் ஹீட்டர் விளக்கு அணையும், குறைந்தால் மறுபடி எரியும். என் ஓவனில் விளக்கு அணையவே இல்லை. 2000 வாட் ஹீட்டர் இடைவிடாமல் எரிந்தால் மணிக்கு 2 யூனிட். நாள் முழுக்க ஓவன் போடும் வீட்டில் அது மின் கட்டணத்தில் நன்றாகவே தெரியும். கதவின் கைப்பிடியும் துணி இல்லாமல் தொட முடியாதபடி சுட்டது.

மேல் ஓரத்து இடைவெளிதான் இருப்பதிலேயே மோசம். ஓடிஜி கதவுக்குக் கீல் கீழே இருக்கிறது. கதவை மேலே இழுத்துப் பிடிப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்தால் கீழ்ப்பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும், மேல்பக்கம்தான் விலகும். சூடான காற்றும் மேலேதான் போகும். காற்று எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேயே வாசல் திறந்திருக்கிறது என்றால் உள்ளே என்ன நிற்கும்?

பாயிடம் போவதற்கு முன் வேறு இடங்களிலும் கேட்டுப் பார்த்தேன். கம்பெனி சர்வீஸில் புகார் கொடுத்தேன். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஸ்பிரிங், கீல் எல்லாம் தனியாக வராது, கதவை முழுசாகத்தான் மாற்ற வேண்டும், வரவழைக்கவும் நாளாகும் என்றார். அவர் சொன்ன விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது ஓவனே வந்துவிடும். எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருடைய யோசனை. கெட்டுப்போன பொருளைச் சரிசெய்துகொள்ள வாங்கியவருக்கு வழி இருக்க வேண்டும் என்றுதான் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கு என்றே ஒரு இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் உதிரிபாகம், சர்வீஸ் விவரங்களை அதில் தர வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். என் ஓவனுக்கு ஒரு ஸ்பிரிங் தனியாக விற்கும் நிலை வரும்போது இன்னும் சந்தோஷப்படுவேன்.

இன்னொரு கடையில், கதவைச் சுற்றி சிலிக்கான் பட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று ஒட்டிக் கொடுத்தார்கள். பெரும்பாலான ஓடிஜி கதவுகளில் ரப்பரோ பட்டையோ கிடையாது. கதவின் தகர விளிம்பு பெட்டியின் விளிம்பில் நேராக உட்கார வேண்டும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பட்டை இல்லாத இடத்தில் பட்டை ஒட்டினால் அதன் தடிமன் கதவை இன்னும் வெளியே தள்ளும். அதுவே நடந்தது. மேலே இருந்த இடைவெளி பக்கவாட்டிலும் வந்தது. சூடேறியதும் வாடை வேறு. உணவு வேகும் பெட்டிக்குள் அந்த வாடை வரக்கூடாது.

என் தம்பி ஓவனை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து பாய் மேசையில் இறக்கினான். பாய் ஸ்குரூ டிரைவரை எடுக்கவே இல்லை. முதலில் கேள்விதான்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"கொஞ்சம் கொஞ்சமா ஆயிடுச்சு பாய்."

"திடீர்னு ஆகலையே? திறந்து வெச்சிருந்தப்ப கதவு மேல கனமா ஏதாவது விழுந்துச்சா? பசங்க யாராவது தொங்குனாங்களா?"

"இல்ல பாய்."

"அப்ப கீல் வளைஞ்சிருக்காது. வீட்ல வெச்சிருக்கிற மேடை மட்டமா?"

கொத்தனார் வைத்திருப்பாரே, அந்த ரசமட்டம் ஒன்றை மேசை மேல் வைத்து முதலில் மேசை மட்டத்தைப் பார்த்தார். பிறகு ஓவனின் நான்கு மூலையையும் கையால் அழுத்தினார். ஒரு மூலை லேசாக ஆடியது. கவிழ்த்துப் பார்த்தால், அடியில் இருக்கும் ரப்பர் கால்களில் ஒன்று சூட்டில் நசுங்கித் தேய்ந்திருந்தது. "நாலு காலும் உக்காரலைன்னா தகரம் முறுக்கிக்கும். பெட்டி முறுக்கினா கதவு எப்படி நேரா உக்காரும்?" என்றார். சர்வீஸ்காரர் உட்பட யாரும் அதுவரை ஓவனின் காலைப் பார்க்கவில்லை.

அந்தக் காலுக்கு அடியில் தற்காலிகமாக ஒரு அட்டைத் துண்டைச் சொருகினார். சிலிக்கான் பட்டையைப் பையனிடம் கொடுத்துச் சுரண்டி எடுக்கச் சொன்னார். கத்தி வேண்டாம், பிளாஸ்டிக் பட்டையால் எடு, எனாமலில் கீறல் விழக்கூடாது என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார். அதற்குப் பிறகு செய்தித்தாளில் நீளமான துண்டுகள் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கீழே வைத்த காகிதம் பிடிகொடுத்தது. வலது மேல் மூலையில் லேசாகப் பிடித்தது. இடது மேல் மூலையில் பிடிக்கவே இல்லை, ஊதினாலே விழும்போல இருந்தது. ஓவன் ஆறியிருக்கும்போது இதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

அடுத்து ஷட்டரைப் பாதி இறக்கி, குழல்விளக்கை அணைத்துவிட்டு, என் போனின் டார்ச்சைப் போட்டு ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடச் சொன்னார். இருட்டில் கதவைச் சுற்றி வெளிச்சக் கோடு தெரிந்தது. இடது மேல்பக்கம் தடிமனாக, வலது பக்கம் போகப் போக மெலிந்து. "ஓடிஜில கொஞ்சம் வெளிச்சம் வரத்தான் செய்யும்மா, அதுக்குப் பயப்பட வேணாம். சுத்தி ஒரே அளவா வருதான்னு மட்டும் பாருங்க. இதுல வரல" என்றார். கதவு மொத்தமாக விலகவில்லை, இடப்பக்கம் மட்டும் தொங்குகிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். என்ன கோளாறு என்று ஒருவர் வாயால் சொல்வதற்கும், நம் கண்ணுக்குக் காட்டிவிட்டுப் பிறகு கை வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எனக்கு இந்தக் கடை மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

பிறகுதான் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினார். கதவின் இரண்டு பக்கமும் ஒரு கம்பிக் கை உள்ளே போகிறது. அதன் முனையில் ஸ்பிரிங் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறது. கதவைத் திறந்தால் ஸ்பிரிங் இழுபடும், மூடினால் சுருங்கிக் கதவைப் பெட்டியோடு சேர்த்துப் பிடிக்கும். வலப்பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றி மேசையில் வைத்தபோது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. இடப்பக்கத்தில் சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. இழுபட்டது இழுபட்டபடியே நின்றுவிட்டது. ஸ்பிரிங் கொக்கி மாட்டும் தகரத் துளையும் கொஞ்சம் நீண்டு போயிருந்தது. இடது கீல் ஆணி உட்காரும் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஸ்பிரிங் தளர்ந்து இழுப்பு குறைந்திருக்கிறது. துளை தேய்ந்து கதவு இறங்கியிருக்கிறது. கால் நசுங்கிப் பெட்டி முறுக்கியிருக்கிறது. மூன்றும் ஒரே மூலையில் சேர்ந்ததால் கையால் எவ்வளவு அழுத்தினாலும் கதவு திரும்பத் திரும்ப விலகியது.

வேலை செய்த முறையையும் சொல்ல வேண்டும். தேய்ந்த துளையில் ஒரு எஃகு வாஷரை வைத்து ரிவெட் அடித்தார். நீண்டுபோன கொக்கித் துளைக்குப் பின்னால் சின்ன எஃகுத் தகடு வைத்துத் தாங்கல் கொடுத்தார். ஸ்பிரிங்கை இடப்பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். "ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா ரெண்டும் வேற வேற பலத்துல இழுக்கும்மா. கதவு இப்ப இந்தப் பக்கம் தொங்குது, அப்புறம் அந்தப் பக்கம் தொங்கும்" என்று இரண்டையும் மாற்றினார். அவரிடம் ஒரு டப்பா நிறையப் பழைய புதிய ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. நீளம், கம்பியின் கனம், சுருளின் அகலம் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டி, கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். ஒரு ஜோடி நன்றாகவே இழுத்தது, எனக்கு அதுவே பிடித்திருந்தது. அவர் வேண்டாம் என்றார். கையை விட்டதும் கதவு படாரென்று அடித்தது. ஓவன் கதவில் இருப்பது டஃபன்டு கண்ணாடி. நடுவில் தட்டினால் தாங்கும், விளிம்பில் அடிபட்டால் மொத்தமாகப் பொடிந்துவிடும். தினமும் அப்படி அடித்தால் என்றைக்காவது ஒருநாள் தட்டை எடுக்கும்போதே உடையும் என்றார். பாதியில் விட்டால் மெதுவாக வந்து உட்கார்ந்து, உட்கார்ந்த பிறகு அழுத்தமாகப் பிடிக்கும் ஜோடி கிடைக்கும்வரை தேடினார்.

கண்ணாடியைப் பிடிக்கும் சட்டத்தின் ஸ்குரூக்களையும் பார்த்தார். பையன் இறுக்க ஆரம்பித்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடிக்குச் சூட்டில் விரிய இடம் வேண்டும், ஆடாமல் நின்றால் போதும் என்றார். நசுங்கிய காலுக்கு வேறு ஓவனிலிருந்து கழற்றி வைத்திருந்த ரப்பர் கால் ஒன்றைப் போட்டார்.

வேலை முடிந்தது என்று உடனே கொடுத்துவிடவில்லை. 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டி 200 டிகிரியில் வைத்தார். ஆறிய நிலையில் சரியாக உட்காரும் கதவு, தகரம் விரிந்ததும் விலகலாம், அதனால் சூட்டில்தான் பார்க்க வேண்டும் என்றார். நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவின் விளிம்பு ஓரமாக மெதுவாக நகர்த்தினார். காற்று கசியும் இடத்தில் புகை கலைந்து வெளியே தள்ளப்படும். மேல் ஓரம் முழுக்கப் புகை நேராக ஏறியது. இடது மூலையில் மட்டும் லேசாகச் சாய்ந்தது. மறுபடி ஆறவைத்து, கம்பிக் கையின் வளைவைக் குறட்டால் கொஞ்சம் திருத்தி, மறுபடி சூடாக்கி, மறுபடி ஊதுபத்தி காட்டினார். அவ்வளவு பொறுமை.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் தெர்மாமீட்டர் வைத்தேன். 180 வைத்தால் முன்பக்கம் 175 காட்டுகிறது. ஹீட்டர் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. கேழ்வரகு பிஸ்கட் முன்வரிசையும் பின்வரிசையும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் வருகின்றன. பாதியில் தட்டைத் திருப்பி வைக்கும் வேலை போய்விட்டது. கதவு விலகியிருந்த காலத்தில் பழக்கப்பட்ட நேரக்கணக்கை மட்டும் குறைக்க வேண்டியிருந்தது. கதவைச் சரிசெய்தவர்கள் முதல் தட்டின் பக்கத்திலேயே நில்லுங்கள், முன்பு ஆன நேரத்துக்கு முன்பே வெந்துவிடும்.

மொத்தம் 650 ரூபாய். இரண்டு ஸ்பிரிங், வாஷர், தகடு, கால், கூலி எல்லாம் சேர்த்து. இதில் கூலிதான் பெரும்பங்கு, அது நியாயமும்கூட. கழற்றிய பழைய ஸ்பிரிங்கை ஒரு காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். எதை மாற்றினேன் என்று தெரிய வேண்டும் அல்லவா என்றார். ஆறு மாதத்துக்குள் மறுபடி விலகினால் காசில்லாமல் பார்க்கிறேன் என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்.

நான் இருந்தபோது ஒரு பேக்கரியிலிருந்து பெரிய ஓவன் கதவு ஒன்று வந்திருந்தது. அந்த வகைக் கதவில் சுற்றிலும் கண்ணாடி இழையால் பின்னிய கயிறு இருக்கும். சின்னச் சின்ன எஃகுக் கிளிப்புகளால் துளைகளில் மாட்டியிருப்பார்கள். வந்த கதவில் கயிறு ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி, சர்க்கரைப் பாகு ஏறிக் கல்லாகிப் போயிருந்தது. இன்னொரு பக்கம் இழை பிய்ந்திருந்தது. கம்பி நாரால் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள் என்று பாய் பார்த்ததுமே சொன்னார். அந்தக் கயிற்றைத் தேய்க்கவே கூடாதாம், ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதுமாம். புதுக்கயிறு மாட்டும்போது பையனிடம் அவர் சொன்னது எனக்கும் புதுசாக இருந்தது. கயிற்றை இழுத்துக் கட்டாதே, இழுத்துக் கட்டினால் பின்னால் சுருங்கி மூலையில் இடம் விடும். இரண்டு முனையும் சேரும் இடம் கதவின் கீழ்ப்பக்கம் வரட்டும், மேலே வந்தால் சூடு அங்கேதான் ஒழுகும். சுவரோடு பதிக்கும் பெரிய ஓவன் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொன்னார். அந்தக் கதவுகளைத் துடைப்பதற்காகக் கழற்றும்போது கீலில் இருக்கும் சின்னத் தாழைத் திருப்பிப் பூட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும். பூட்டாமல் தூக்கினால் கீல் ஸ்பிரிங் வேகத்தில் மடங்கி விரலை நசுக்கிவிடும். திரும்ப மாட்டும்போது இரண்டு கீலும் முழுசாக உள்ளே உட்கார வேண்டும். ஒன்று உட்கார்ந்து ஒன்று உட்காராமல் போய், கதவு கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேராம்.

ஓவனைத் தூக்கிக்கொண்டு போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவையும் உண்டு. உள்ளே கம்பித்தட்டு கடைசிவரை தள்ளியிருக்கிறதா, அடியில் இருக்கும் பொடித்தட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கதவு உட்காரும் விளிம்பில் பாகோ வெல்லமோ கருகி ஒட்டியிருக்கும், விரலால் தடவினால் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் இளகிவிடும். எல்லாமே ஓவன் ஆறி, பிளக்கைப் பிடுங்கிய பிறகு. இதிலேயே சரியாகிவிடும் கதவுகள் நிறைய என்று பாயே சொல்கிறார். தன்னிடம் வர வேண்டிய வேலையை வேண்டாம் என்று சொல்லும் ரிப்பேர்காரரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

மைக்ரோவேவ் கதவை மட்டும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். செய்யமாட்டார். நான் இருக்கும்போதே ஒருவர் மைக்ரோவேவ் கதவு ஆடுகிறது என்று கொண்டுவந்தார். பாய் பிளக்கைத் தொடக்கூட இல்லை. "கம்பெனி ஆளைக் கூப்பிடுங்க தம்பி. அதுவரைக்கும் போடாதீங்க" என்று திருப்பி அனுப்பினார். காரணத்தை எனக்கு விளக்கினார். ஓடிஜி கதவில் கசிவது வெறும் சூடு. மைக்ரோவேவ் உள்ளே வேலை செய்வது 2450 மெகாஹெர்ட்ஸ் அலை. அதை உள்ளேயே அடைத்து வைப்பது கதவும் அதில் இருக்கும் கம்பி வலையும், கதவு திறந்ததும் மின்சாரத்தை வெட்டும் சுவிட்சுகளும்தான். அமெரிக்க விதிப்படி, ஒரு மைக்ரோவேவ் ஓவன் எவ்வளவு பழசானாலும் அதன் மேல்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். "அளக்கிற கருவி என்கிட்ட இல்ல. அளக்க முடியாததை நான் சரி பண்ணிட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். வந்தவர் கோபத்தோடுதான் போனார். பாய் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளில் ஓவன் கிடைக்கவில்லை. தொழில் செய்பவர்கள் அதற்குத் தகுந்தபடி ஆர்டரை ஒத்திப்போட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. 60 லிட்டர் ஓவனைத் தூக்கிக்கொண்டு போவது தனியாக இருக்கும் பெண்களுக்குச் சுலபமில்லை, இதற்கு அவர் ஏதாவது வழி செய்தால் நன்றாக இருக்கும். பில் தானாகத் தருவதில்லை. கேட்டால் தாளில் தேதி போட்டு, மாற்றிய சாமான்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். கேட்டு வாங்குங்கள். பில் தர வேண்டியது கடைக்காரரின் கடமை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. பாய் மேல் இருக்கும் நம்பிக்கை வேறு, தாள் வேறு. ஜிபே வாங்குகிறார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும், சாயங்காலம் திறப்பார்.

ஓவனைக் கொண்டுபோகும்போது தட்டுகளையும் கம்பிகளையும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு, கதவைத் துணி நாடாவால் கட்டிக்கொள்ளுங்கள். வண்டி குலுங்கும்போது கதவு திறந்து கண்ணாடி அடிபடும். ஆனால் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் தட்டு ஒன்றை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். கடைசியில் அந்தத் தட்டை உள்ளே வைத்தும் ஒருமுறை கதவை மூடிப் பார்க்கிறார். கடையில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, காலையில் பத்தரை மணிக்குள் போனால் ஆட்டோ வாசல் வரை போகும். மாம்பழ சீசன் ஆரம்பித்துவிட்டால் ஜூஸ் கடைக்காரர்களின் மிக்சிகள் மேசை முழுக்க நிறைந்துவிடும், டிசம்பரில் எல்லோருடைய ஓவனும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். கதவில் லேசாக இடைவெளி தெரியும்போதே, அந்த இரண்டு காலத்துக்கும் முன்னால் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.